ஆங்கில ஒத்த சொல் பழக எந்த வழி? ஆறாம் தரத் தெரிவுப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்காக ஓர் ஒப்பீடு

ஒட்டுசுட்டானில் இருக்கும் என் அக்கா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொல்லி, விறாந்தை மேசையில் நான்கு பொருட்களைப் பரப்பி வைத்தார். ரியூசனில் கொடுத்த ஒத்த கருத்துச் சொல் பட்டியல், 12 பக்கம் போட்டோக்கொப்பி. லண்டனில் இருக்கும் மச்சாள் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட இரண்டு பயிற்சிப் புத்தகங்கள். அத்தானின் கைபேசி, அதில் புதிதாக இறக்கிய ஒரு சொல் செயலி. கடைசியாக, நூலகத்தில் எடுத்த மெல்லிய ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்று. "தம்பி, எல்லாத்தையும் படிக்க இவளுக்கு நேரமில்லை. எதை வைக்கிறது, எதை விடுறது எண்டு நீயே சொல்லு" என்றார். அக்காவின் மகள், என் மருமகள், கதவு நிலையில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளிநொச்சிப் பக்கத்தில் 14 வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இதே கேள்வியைப் பல தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அன்று அக்காவுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துச் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன். அடுத்த வருடம் பிள்ளையை இருமொழி வகுப்புக்கு அனுப்ப நினைக்கும் வன்னிப் பெற்றோர் யாருக்காவது உதவினால் நல்லது.

முதலில் பரீட்சை என்னவென்று பார்ப்போம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பிள்ளை தமிழில்தான் எழுதுகிறது. அதிலே ஆங்கிலத்துக்கு இருக்கும் இடம் சிறியது. ஆனால் ஆறாம் தரத்தில் இருமொழிப் பிரிவு இருக்கும் பாடசாலைகளில் விஞ்ஞானம், கணிதம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் பல பாடசாலைகள் தாங்களே ஒரு தெரிவுப் பரீட்சை வைக்கின்றன. நான் பார்த்த வினாத்தாள்களில் பெயரடைகள் மூன்று விதமாக வந்தன. நான்கு சொல்லைத் தந்து கருத்தில் மிக நெருங்கியதைத் தெரியச் சொல்வது ஒன்று. பந்தியில் கோடிட்ட சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் போடச் சொல்வது இன்னொன்று. ஐந்தாறு வசனத்தில் ஓர் ஊரையோ ஆளையோ வருணிக்கச் சொல்வது மூன்றாவது. முதலாவதற்குச் சொல்லின் கருத்து தெரிந்தால் ஓரளவு தப்பிக்கலாம். மற்ற இரண்டுக்கும் அந்தச் சொல் எதோடு சேரும், எதோடு சேராது என்பதும் தெரிய வேண்டும். எந்த வழியைத் தெரிவு செய்வது என்பதை இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது.

பட்டியலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வன்னியில் பெரும்பாலான பிள்ளைகள் கையில் இருப்பது அதுதான். போட்டோக்கொப்பிக்குச் சில ரூபாய், மின்சாரம் வேண்டாம், டேட்டா வேண்டாம், குப்பி விளக்கிலும் படிக்கலாம். இடது பக்கத்தில் ‘பிக்’, வலது பக்கத்தில் ‘லார்ஜ்’, ‘ஹியூஜ்’, ‘இனோர்மஸ்’, ‘வாஸ்ட்’ என்று வரிசையாக இருக்கும். பிள்ளை அதைப் பாடமாக்கும், நாங்கள் கேட்போம், அது ஒப்புவிக்கும். வேலை நடந்த மாதிரியே இருக்கும்.

என் மூத்த மகனுக்கு நான் இதைத்தான் செய்தேன். மூன்று மாதத்தில் 300 சொல். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பரீட்சையில் ‘என் அப்பப்பா’ பற்றி எழுதச் சொன்னார்கள். ‘ஓல்ட்’ என்ற சொல் அவனுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்ததால் பட்டியலில் அதற்கு நேரே இருந்த ‘ஏன்ஷியன்ட்’ என்பதைப் போட்டான். கோயிலுக்கும் குளக்கட்டுக்கும் சொல்லும் சொல் அது. உயிரோடு இருக்கும் அப்பப்பாவுக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டியது ‘எல்டர்லி’. அடுத்த வசனத்தில் ‘பிக் பிரதர்’ என்பதை ‘லார்ஜ் பிரதர்’ ஆக்கினான். மூத்த அண்ணா அங்கே பருத்த அண்ணா ஆகிவிட்டார். தெரிவுப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. இந்த இரண்டு சொல் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடைத்தாளைப் பற்றி அவன் வீட்டில் வந்து சொன்னபோது, பிழை அவனுடையது அல்ல என்பது எனக்கு உடனே விளங்கியது. பட்டியலில் அந்தச் சொற்கள் சமக்குறி போட்டது போல்தான் நின்றன. அவன் அதை நம்பினான்.

இதைப் பிள்ளைக்குத் தமிழை வைத்தே விளக்கலாம். ‘சால, உறு, தவ, நனி, கூர், கழி’ ஆகிய ஆறு உரிச்சொற்களும் மிகுதி என்ற ஒரே கருத்தைத் தருவன என்று தமிழ் இலக்கணத்தில் படிக்கிறோம். ஆனாலும் ‘உறுபசி’ என்கிறோம், ‘சாலப்பசி’ என்பதில்லை. ‘சாலச் சிறந்தது’ என்கிறோம், ‘கழிசிறந்தது’ என்று யாரும் எழுதுவதில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ‘உயரமான மனிதர்’ வேறு, ‘உயர்ந்த மனிதர்’ வேறு. ‘பழைய வீடு’ சரி, ‘முதிய வீடு’ என்றால் சின்னப் பிள்ளையே சிரிக்கும். மருமகளிடம் இதைக் கேட்டேன். சிரித்தாள். "அப்ப இங்கிலீசிலயும் இப்பிடித்தானா மாமா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

நிகண்டு படித்த பரம்பரை நாங்கள், பாடமாக்கினால் என்ன குறை என்று சிலர் கேட்பார்கள். திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனனம் செய்த பிள்ளை வீட்டிலும் வயலிலும் தமிழைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தது. நிகண்டு செய்யுளாகவும் இருந்தது, ஓசை சொல்லைப் பிடித்து வைத்தது. எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் பாடநேரத்தில் மட்டும் காதில் விழுகிறது. ஓசையும் இல்லாமல், சூழலும் இல்லாமல் வெறும் நிரலாகத் தரும்போது அந்தச் சொற்களுக்குப் பிடிகொம்பு இல்லை.

பட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே கருத்துள்ள புதுச் சொற்களை ஒரே நேரத்தில் தந்தால் அவை ஒன்றையொன்று குழப்பும். டிங்கம் என்ற ஆய்வாளர் 1993 இலும், வாரிங் என்பவர் 1997 இலும் இதைச் சோதித்தார்கள். கருத்தில் நெருங்கிய புதுச் சொற்களைக் கூட்டமாகக் கற்றவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களை விட அதிக நேரம் பிடித்தது. வகுப்பில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். ‘டிமிட்’, ‘ஷை’, ‘நேர்வஸ்’ மூன்றையும் ஒரே நாளில் எழுதிப் போட்டால், மறுநாள் பிள்ளைக்கு மூன்றும் ஒரே கஞ்சியாகக் கிடக்கும்.

சரி, பட்டியலே வேண்டாமா? வேண்டும். கடைசி இரண்டு கிழமையில், ஏற்கெனவே வசனத்தில் படித்த சொற்களை ஒரே பார்வையில் திருப்பிப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. தொடக்கத்தில் கையில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

லண்டன் புத்தகங்களுக்கு வருவோம். அழகான புத்தகங்கள், தடித்த தாள், நிறப்படம். அக்காவுக்கு அவற்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம். "அங்க உள்ள பிள்ளையள் இதைப் படிச்சுத்தானே பெரிய ஸ்கூலுக்குப் போகுதுகள்" என்றார். உண்மை. இங்கிலாந்தில் 163 அரச கிராமர் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போக விரும்பும் பிள்ளைகள் ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் செப்டெம்பரில், பத்து வயதில் ‘இலெவன் பிளஸ்’ என்ற பரீட்சை எழுதுகிறார்கள். பல இடங்களுக்கு ஜி.எல். அசெஸ்மன்ட் என்ற நிறுவனம் வினாத்தாள் செய்கிறது. அதில் சொற்காரணப் பகுதி ஒன்று உண்டு. இரண்டு அடைப்புக்குள் மும்மூன்று சொல் இருக்கும். இந்த அடைப்பில் ஒன்று, அந்த அடைப்பில் ஒன்று, கருத்தில் மிக நெருங்கிய சோடியைப் பிடிக்க வேண்டும். அங்குள்ள எங்கள் ஆட்களின் பிள்ளைகள் இதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் பழகுகிறார்கள்.

வினா அமைப்பு எங்கள் தெரிவுப் பரீட்சையின் முதல் வகையோடு ஒத்துப்போகிறது, அது நல்லது. கேள்விகளும் கவனமாகச் செய்தவை. ஆனால் அந்தப் புத்தகம் சொல்லைக் கற்பிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல, தெரிந்த சொல்லைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டது. ‘சில்லி’ என்றால் இலேசான குளிர், ‘ஃப்ரொஸ்டி’ என்றால் உறைபனி படிந்த, ‘கோஸி’ என்றால் வெளியே குளிரும்போது உள்ளே கதகதப்பாக இருக்கும் சுகம். லண்டன் பிள்ளை இதையெல்லாம் மூன்று வயதில் தாயின் வாயிலோ பாலர் பாடசாலையிலோ கேட்டுவிட்டது. மார்கழிப் பனியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இருந்த எங்கள் பிள்ளைக்கு அந்தச் சுகம் தெரியும், சொல்தான் தெரியாது. புத்தகம் அந்தச் சுகத்தைக் காட்டிச் சொல்லைச் சேர்த்துத் தருவதில்லை. ‘கோஸி’க்கு நெருங்கியது எது என்று மட்டும் கேட்கிறது. மருமகள் முதல் பக்கத்தில் 20 கேள்வியில் 4 சரியாகச் செய்திருந்தாள். நான்கும் ஊகித்துப் போட்டவை என்று அவளே சொன்னாள். இரண்டாவது பக்கத்தைத் திறக்க அவளுக்கு மனம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் மனத்தை முதல் நாளிலேயே இப்படி உடைக்கும் புத்தகத்தை, எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், தொடக்கத்தில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே புத்தகம் கடைசி மாதத்தில் பொன். 150 சொல்லாவது கைவசமான பிறகு, நேரம் குறித்துச் செய்யப் பழகுவதற்கும், விடைகளில் வரும் பொறிகளை அடையாளம் காண்பதற்கும் இதைப் போல் ஒன்று இங்கே கடையில் கிடைக்காது.

பொறிகள் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் இங்கேதான். ‘ஹப்பி’ என்ற பெயரடைக்கு நெருங்கிய சொல் கேட்டு, விடையாக ‘ஜோய்’, ‘ஜோய்ஃபுல்’, ‘ஜோய்ஃபுலி’ மூன்றையும் தந்திருப்பார்கள். மூன்றிலும் மகிழ்ச்சி இருக்கிறது. பிள்ளை முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிடும். இதற்குத் தமிழே திறப்பு. மகிழ்ச்சி, மகிழ்ச்சியான, மகிழ்ச்சியாக. ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை. ‘ஜோய்ஃபுல்’தான் ‘ஆன’ வரும் சொல். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, கருத்து முழுதாகத் தெரியாத இடத்திலும் இரண்டு பிழையான விடையைத் தள்ளிவிடும். ‘போர்ட்’, ‘போரிங்’ சோடியும் அப்படித்தான். சலிப்படைந்தவர் யார், சலிப்பூட்டுவது எது என்று தமிழில் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இரண்டாவது பொறி, இரண்டு கருத்துள்ள சொல். ‘ஹார்ட்’ என்பது கடினமான கணக்குக்கும் வரும், கடினமான கல்லுக்கும் வரும். நல்ல வேளையாகத் தமிழிலும் அப்படியே. முதலாவதற்கு ‘டிஃபிகல்ட்’ ஒத்தது, இரண்டாவதற்கு ‘சொலிட்’. ‘லைட்’ என்றால் பாரமில்லாத பையும் உண்டு, வெளிர் நிறமும் உண்டு. ‘ஃபெயார்’ நியாயத்தையும் குறிக்கும், வெளிறிய நிறத்தையும் குறிக்கும். பட்டியலில் ஒரு கருத்துத்தான் இருக்கும். வசனத்தைப் பார்க்காமல் விடை சொல்லப் பழகிய பிள்ளை இங்கே அகப்படும்.

கைபேசிக்கு வருகிறேன். செயலிகளில் இரண்டு வகை உண்டு. விளையாட்டுப் போல் கேள்வி கேட்டு நட்சத்திரம் தருபவை ஒரு வகை. இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளை பொழுது போக்கும், சொல் தங்காது. மற்ற வகை, மறக்கப் போகும் நேரம் பார்த்துத் திருப்பிக் கேட்பவை. ‘ஆன்கி’ அப்படியானது. ஆண்ட்ராய்ட் கைபேசியில் இலவசம், சொல் அட்டைகளின் தொகுப்பான சொற்கட்டை ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் வேண்டாம். மாங்குளத்துக்கு உள்ளே சிக்னல் வந்து வந்து போகும் ஊர்களில் இது பெரிய வசதி. இன்னொரு நன்மையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒலியோடு வரும் சொற்கட்டும் இணைய அகராதிகளும் சொல்லை உச்சரித்துக் காட்டும். வீட்டில் ஆங்கிலம் பேச யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குரல்தான் ரீச்சர்.

ஆனால் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சொற்கட்டுகள் பல, அமெரிக்காவில் பட்டமேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்குச் செய்தவை. பத்து வயதுப் பிள்ளைக்கு அவை ஆகாது. வயதுக்கேற்ற கட்டை நாங்களே செய்ய வேண்டும், அதைக் கைபேசியில் தட்டிச் செய்யப் பெற்றோருக்கு நேரம் வேண்டும். அதைவிடப் பெரிய தடை, வீட்டில் கைபேசி ஒன்றுதான். அத்தான் காலையில் வயலுக்கோ டவுனுக்கோ கொண்டுபோனால் இருட்டிய பிறகுதான் வரும். வரும்போது பற்றரி இருக்காது, பிள்ளைக்கும் நித்திரை வந்துவிடும். பழக்கம் என்பது தினமும் அதே நேரத்தில் நடக்க வேண்டியது. தகப்பன் வருகிற நேரத்தை நம்பி அதை வைக்க முடியாது.

கதைப் புத்தகம் மேசையில் இருந்த நான்கிலும் மிக மெல்லியது, யாரும் அதைப் பரீட்சைக்கான பொருளாக நினைக்கவில்லை. ஆனால் சொல் எதோடு சேர்ந்து வரும் என்பதைக் காட்டுவது அது ஒன்றுதான். மழை பெய்தால் ‘ஹெவி ரெயின்’ என்றிருக்கும். ‘ஸ்ட்ரோங் ரெயின்’ என்று இராது. காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்’ வரும். காட்டுக்கு ‘டென்ஸ்’, கிணற்றுக்கு ‘டீப்’, பனைக்கு ‘டோல்’, மதிலுக்கு ‘ஹை’. இதை விதியாகச் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது, எந்த ரீச்சராலும் முடியாது. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுத்தான் படிய வேண்டும். குறை, வேகம் போதாது. 20 பக்கக் கதையில் புதிதாக ஏழெட்டுப் பெயரடைதான் அகப்படும். மூன்று மாதத்தில் கதை மட்டும் வாசித்துப் பரீட்சைக்குப் போனால் சொற்கள் போதாமல் போகும். இரண்டு வருடம் கையில் இருந்தால் நான் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டேன், கதையை மட்டும் வாசிக்கச் சொல்லியிருப்பேன்.

ரியூசனைப் பற்றியும் ஒரு வார்த்தை. போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல ரீச்சர் இருந்தால் அதிர்ஷ்டம். காசு கட்டுவதற்கு முன் பிள்ளையின் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் வசனம் இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சொல் மட்டும் இருந்தால், அந்த வேலையை வீட்டிலேயே செலவில்லாமல் செய்யலாம்.

இனி அக்காவுக்கு நான் சொன்ன முடிவு. மேசையில் இல்லாத ஐந்தாவது வழி ஒன்றை எடுத்தேன். கையால் செய்த மட்டை. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972 இல் எழுதிப் பரப்பிய முறை இது, ‘ஆன்கி’யும் இதே எண்ணத்தில்தான் ஓடுகிறது. பழைய கலியாணக் கார்டுகளையும் கலண்டர் மட்டையையும் உள்ளங்கை அளவுக்கு வெட்டினோம். மூன்று பிஸ்கட் பெட்டி. முதல் பெட்டியில் உள்ளதைத் தினமும் பார்ப்பது, இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைக் கிழமைக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன மட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். பிழைத்த மட்டை எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பி வரும். மருமகளுக்கு விளக்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

மட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். முன்பக்கத்தில் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வசனம், அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு. பின்பக்கத்தில் புதுச் சொல், அது வரும் வசனம், அது சேரும் இரண்டு பொருள். வசனங்கள் பிள்ளை கண்ட உலகத்தில் இருந்து வர வேண்டும். இரணைமடுக் குளம் பெரியது: ‘வாஸ்ட்’. சித்திரை வெயில் சுடுகிறது: ‘ஸ்கோர்ச்சிங்’. ஆவணியில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது: ‘பார்ச்ட்’. வேலிக்கு அப்பால் நிற்கும் தனியன் யானை கோபமாக இருக்கிறது: ‘ஃபியூரியஸ்’. ஆட்டுக்குட்டி பயந்தது: ‘டிமிட்’. முறிகண்டிக்குப் போகும் வழியில் பார்த்த காடு அடர்ந்தது: ‘டென்ஸ்’. இந்த வசனங்களை அவளே சொன்னாள், நான் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன். யானை வசனத்தை எழுதும்போது போன மாரியில் பக்கத்துக் காணிக்குள் யானை வந்த கதையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் பேனையை எடுத்தாள். அந்தச் சொல்லை அவள் மறக்கப் போவதில்லை.

‘ஹியூஜ்’, ‘ஏன்ஷியன்ட்’, ‘ஃபியூரியஸ்’, ‘ஸ்கோர்ச்சிங்’ போன்றவற்றின் மட்டையில் மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டோம். இவற்றுக்குள் ‘மிக’ ஏற்கெனவே இருக்கிறது, முன்னால் ‘வெரி’ சேர்ப்பதில்லை என்பதற்கு அது அடையாளம். வருணனை எழுதும்போது இந்த நட்சத்திரம் உதவும்.

புதுச் சொல் நாளுக்கு மூன்று மட்டும். மூன்றும் வெவ்வேறு அடிச்சொல்லின் கீழ் வர வேண்டும். இன்றைக்குப் பெரியதற்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று. ‘ஹியூஜ்’ இரண்டாவது பெட்டிக்குப் போன பிறகுதான் ‘இனோர்மஸ்’ வீட்டுக்குள் வரலாம். ஒத்த சொற்கள் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க இதுதான் வழி. ஐந்தாம் தரப் பிள்ளைக்குத் தெரிந்த அடிச்சொல் ஏறத்தாழ 30 இருக்கும்: பெரிய, சிறிய, நல்ல, கெட்ட, சூடான, குளிர்ந்த, துணிவான, களைத்த என்று. கிழமையில் ஆறு நாள் வைத்தால் 12 கிழமையில் 200 சொல்லைத் தாண்டும். இந்த மட்டத்துக்கு அது போதும். 500 சொல் படித்தோம் என்று சொல்லும் அயல்வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

கதைப் புத்தகத்தை இரவில் வைத்தோம். 15 நிமிடம், சத்தமாக வாசிப்பு. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பக்கத்தில் இருந்து கேட்கலாம். பக்கத்துக்கு ஒரு பெயரடையைப் பிள்ளை தெரிவு செய்து, பெட்டியில் உள்ள ஒரு சொல்லை அந்த இடத்தில் போட்டுத் திரும்ப வாசிக்க வேண்டும். வசனம் நிற்கிறதா, சரிகிறதா என்று அவளே சொல்ல வேண்டும். நிற்காது என்று பட்டால் குறித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்பாள். கைபேசியை உச்சரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அத்தான் வந்ததும் அன்றைய மூன்று சொல்லையும் இரண்டு தரம் ஒலிக்கக் கேட்டு, மூன்று தரம் தானே சொல்வது. ஐந்து நிமிடம். அத்தானும் சேர்ந்து சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன், மிகவும் சந்தோசமாக இருந்தது.

எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தும் என்றில்லை. தாயோ தகப்பனோ வீட்டில் ஆங்கிலம் கதைக்கும் பிள்ளை என்றால் லண்டன் புத்தகத்தில் நேரே தொடங்கலாம், பிழைத்த சொல்லுக்கு மட்டும் மட்டை எழுதினால் போதும். தனக்கென்று ஒரு கைபேசி இருக்கும், பொறுப்பான மூத்த சகோதரம் ஒன்றும் இருக்கும் வீட்டில் ‘ஆன்கி’ மட்டையை விட வசதியானது. ஒலியையும் அதிலேயே சேர்க்கலாம். பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது என்றால் மட்டைக்கும் கதைக்கும் நேரம் போதாது. அப்போது பட்டியலையே எடுங்கள். ஆனால் ஒவ்வொரு அடிச்சொல்லுக்கும் ஒன்று, இரண்டு ஒத்த சொல் போதும், மீதியை வெட்டிவிடுங்கள். அந்த 50, 60 சொல்லையும் வசனத்தில் வைத்துப் படிப்பித்து, ‘ஆன’, ‘ஆக’ சோதனையையும் சொல்லிக் கொடுங்கள்.

இது ஐந்தாவது கிழமை. நேற்று அக்கா தொலைபேசியில் சொன்னார்: முதல் பெட்டியில் 14 மட்டை, இரண்டாவதில் 31, மூன்றாவதில் 42. ‘டிமிட்’ மட்டும் நான்கு தரம் முதல் பெட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறதாம். வசனத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஆட்டுக்குட்டி அவள் வீட்டில் இல்லை, பூனைதான் இருக்கிறது. லண்டன் புத்தகங்கள் இரண்டும் அலுமாரிக்கு மேலே, ஒன்பதாவது கிழமை வரைக்கும்.